‘ஆஃப்’ என்ற சொல்லுக்கு வாக்கியங்கள்

ஜனவரி 6

மதிப்பிற்குரிய எலக்ட்ரீஷியன் அவர்களுக்கு,

வணக்கம். பேச்சுத் தமிழில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு எங்கள் அலுவலகம் ஓர் அகராதி தயாரித்து வருகிறது. அதில் ‘ஆஃப்’ என்ற சொல் என் பொறுப்பில் வந்திருக்கிறது. பார்க்கக் குட்டிச் சொல்தான். ஆனால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது. விளக்கை ஆஃப் பண்ணுகிறோம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆஃப் என்கிறோம். மூட் ஆஃப் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். எதிர்த்துப் பேசியவனை ஒரே வார்த்தையில் ஆஃப் பண்ணினேன் என்று பெருமை அடிக்கிறோம். போதாக்குறைக்கு, பாதி என்று பொருள்படும் வேறோர் ஆங்கிலச் சொல்லும் நம் வாயில் விழுந்து ஆஃப் டிக்கெட், ஆஃப் பாயில் என்று ஆகிவிட்டது. இரண்டையும் ஒரே தலைப்பில் போடுவதா வேண்டாமா என்று இங்கே தினமும் அடிதடி. காகித ஆலையில் இச்சொல் எப்படிப் புழங்குகிறது என்பதற்குச் சில வாக்கியங்கள் அனுப்பி உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உதவித் தொகுப்பாளர்

டேய், இதுக்கு மேல என்னால இப்படி எழுத முடியாதுடா. போன மழைக்காலத்துல பேசினது. அதுக்கப்புறம் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கல. உன் பொண்டாட்டி எடுத்து, “அவர் குளிக்கிறார் அண்ணி”ங்கறா. எப்ப பார்த்தாலும் குளிச்சிட்டே இருக்க நீ என்ன மீனா? உன் மில் மேனேஜருக்கு நான் எழுதினது உனக்கு அவமானமா இருக்கலாம். ஆனா உன் மச்சினன் உள்ளங்கை தோல் உரிஞ்சு கிடந்ததை ஆஸ்பத்திரியில பார்த்தவ நான். அடுத்தது நீதான்னு தோணிச்சு. எழுதாம வேற என்ன பண்ணியிருப்பேன், சொல்லு.

கோபம் இருந்தா இருக்கட்டும். வாக்கியத்தையாவது அனுப்பு.

அக்கா


ஜனவரி 15

அகராதி மேடம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மீன் நலமாக உள்ளது.

கேட்ட சரக்கு இதோ. “ரெண்டாம் நம்பர் மோட்டாரை ஆஃப் பண்ணு.” “அவனுக்கு இன்னைக்கு நைட் ஆஃப்.” மில்லுல சரக்கு தேங்கிப் போய் ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பினா அது “லே ஆஃப்”. அந்த வார்த்தையைக் கேட்டாலே கேன்டீன்ல ஒருத்தனுக்கும் சாப்பாடு இறங்காது.

ஆனா எங்களுக்குன்னு ஒரு ஆஃப் இருக்கு. அதை நல்லா எழுதிக்கோ. எங்க மில்லுல பழைய காகிதத்தை அரைச்சுக் கூழாக்க ஒரு தொட்டி இருக்கு. ஒரு வீடு உசரம். அடியில பெரிய பிளேடு சுத்தும். காகிதக் கட்டுல இருக்கிற கம்பி அந்த பிளேடுல போய்ச் சுத்திக்கும். அப்ப பிட்டருங்க, அதாவது என் மச்சினன் மாதிரி ஆளுங்க, உள்ள இறங்கி அதை வெட்டி எடுக்கணும். அவங்க உள்ள இருக்கும்போது எவனாவது மோட்டாரைப் போட்டா என்ன ஆகும்னு உனக்கு நான் எழுத மாட்டேன்.

அதனால ஒருத்தன் வாயால “ஆஃப்”னு சொன்னா நாங்க நம்பறதில்ல. அப்படி நம்பித் தொட்டு, கரண்ட் அடிச்சுத்தான் மச்சினன் கை வெந்துச்சு. அதுக்கப்புறம் எலக்ட்ரீஷியன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சிவப்புப் பூட்டு கொடுத்தாங்க. சும்மா இருக்கும்போது இடுப்பு பெல்ட்ல தொங்கும், மேல அவனவன் போட்டோ ஒட்டியிருக்கும். என் போட்டோல நான் பிக்பாக்கெட் மாதிரி இருக்கேன். பூட்டுக்கு ஒரே சாவி. சுவிட்ச் கைப்பிடியை இறக்கி, பூட்டைப் போட்டு, சாவியை என் பாக்கெட்ல வெச்சுப்பேன். அதே கையோட என் போனையும் ஆஃப் பண்ணிடுவேன். உள்ள ஆள் இருக்கும்போது கடன்காரனோ பொண்டாட்டியோ கூப்பிட்டு என் கவனத்தைக் கலைக்கக் கூடாது. பகல்ல பாதி நேரம் என் போன் அப்படித்தான் கிடக்கும். மேனேஜரே வந்து கால்ல விழுந்தாலும் நான் வந்து திறந்தாத்தான் மோட்டார் ஓடும். எங்க ஊர்ல அதுக்குப் பேர்தான் ஆஃப். மத்ததெல்லாம் வெறும் காத்து.

இப்ப அவமானத்துக்கு வரேன். நீ எழுதின கடிதத்தை மேனேஜர் காலை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் படிச்சார். “என் தம்பி சின்ன வயசிலிருந்தே மறதிக்காரன், பூட்டு போட்டானா என்று தினமும் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ளவும்.” எனக்கு நாற்பத்திமூணு வயசு, அக்கா. எனக்குக் கீழ வேலை செய்யறவன் எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். அன்னையிலேர்ந்து என் பேரு போச்சு. கேன்டீன்ல, கேட்ல, எங்க போனாலும் “அக்கா தம்பி”தான்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இனிமே என் மில்லுக்கு ஒரு வரி எழுதினே, உனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாது. இதுக்குச் சம்மதம்னா மேல வாக்கியம் அனுப்பறேன்.

மறதிக்காரன்


ஜனவரி 24

தம்பிக்கு,

சம்மதம். எழுத மாட்டேன். சத்தியம்னா சத்தியம்.

ஆனா மறதிக்காரன்னு நான் எழுதினது பொய்யா? பள்ளிக்கூடப் பையை பஸ்ல விட்டுட்டு வெறுங்கையோட வந்தது யாரு? கல்யாணத்தன்னைக்கு மோதிரத்தை லாட்ஜ்ல மறந்துட்டு வந்தது யாரு? நான்தானே ஆட்டோ பிடிச்சு ஓடினேன். சரி, விடு.

உன் பூட்டு வாக்கியம் எங்க தொகுப்பாசிரியருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவர் சட்டைப் பையில நாலு பேனா வெச்சிருக்கிற ஆளு. எதையும் பாராட்ட மாட்டார். “இந்த எலக்ட்ரீஷியன் யாரும்மா?”ன்னார். தெரிஞ்சவர்னு மட்டும் சொன்னேன். பெருமையா இருந்துச்சு.

ஆனா இந்தச் சொல் எனக்கு இப்ப ஆக மாட்டேங்குதுடா. பக்கத்து மேஜைக்காரி ஒரு அட்டை எழுதிக் கொண்டாந்து நீட்டறா. “பெரியவர் விடியறதுக்குள்ள ஆஃப் ஆயிட்டார்.” பொருள்: இறந்துபோதல். சிரிச்சிட்டே கொடுக்கறா. அந்த அட்டையை என்னால கோப்புல சேர்க்க முடியல, நீயே வெச்சுக்கோன்னு அவகிட்டயே தள்ளிட்டேன். மனுஷனுக்கும் மோட்டாருக்கும் ஒரே வார்த்தையைப் போடறானுங்களே, இவனுங்களை என்ன சொல்றது.

உன் தொட்டியைப் பத்தி இவ்வளவு விவரமா நீ எழுதியிருக்க வேண்டாம். இப்ப கண்ணை மூடினா அந்த பிளேடுதான் தெரியுது. ஆனா பூட்டு இருக்குன்னு நெனைச்சுக்கறேன், தூக்கம் வருது. அது உன் இடுப்புல இருக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்ல.

பாப்பா எப்படி இருக்கா? இன்னும் வாக்கியம் அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நாலு பேனாக்காரர் பாராட்டினதை வீட்ல சொன்னேன். என் பொண்டாட்டி, “அவங்களாவது உங்களைப் பாராட்டறாங்களே”ன்னா. வயித்தெரிச்சல்.

புதுசா ஒரு ஷிஃப்ட் இன்ஜினியர் வந்திருக்கார். சின்ன வயசு. எதுக்கெடுத்தாலும் “சீக்கிரம், சீக்கிரம்”. அதனால பேரே “சீக்கிரம் சார்”. கெட்டவர் இல்ல. ஆனா மோட்டார் நின்னா அவருக்கு மூச்சே நின்ன மாதிரி. அவர்கிட்டேர்ந்து உனக்கு ஒரு புது வாக்கியம்: “எதுக்குய்யா இவ்வளவு நேரம் ஆஃப்ல போட்டு வெச்சிருக்கீங்க?” ஆஃப்ங்கறது ஒரு இடம் மாதிரி சொல்றார் பாரு. அதுல போட்டு வைக்கலாம், எடுக்கலாம். எழுதிக்கோ.

பாப்பாவுக்கு சைக்கிள் வாங்கியாச்சு. பச்சைக் கலர். ஒரு நாள் முழுக்க பெல் அடிச்சே எங்க காதைக் கிழிச்சா. பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளை எவனோ ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டுப் போயிட்டான். அதைக் கேட்டதுலேர்ந்து இவ தூங்காம ஜன்னலையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா. அப்புறம் என் சிவப்புப் பூட்டை அதுல மாட்டி விட்டுட்டேன். “அப்பா போட்டோவைப் பார்த்தாலே திருடன் ஓடிடுவான்”ங்கறா. நல்லா இருக்கில்ல? இப்ப நிம்மதியா தூங்கறா.

மூட் ஆஃப்ல ஒரு வாக்கியம் கேட்டா, மச்சினனைத்தான் சொல்லணும். கை ஆறிடுச்சு. ஆனா குளிர்ல விரலை மடக்க முடியல. அதுக்காக வேலையை விட்டுட முடியுமா.

தம்பி


பிப்ரவரி 16

தம்பி,

சைக்கிள்ல எந்தப் பூட்டுடா மாட்டியிருக்கு?

இடுப்பை விட்டு இறங்காதுன்னு நான் நெனைச்சிட்டிருந்த பூட்டா? போட்டோ ஒட்டினது ஒண்ணுதானே இருக்கு? அது உன் வீட்டு வாசல்ல சைக்கிள்ல தொங்கினா, மில்லுல அந்தச் சுவிட்ச்ல என்ன தொங்குது?

உன் கடிதம் வந்ததும் நாம பேசிக்கறதில்லைங்கறதை மறந்துட்டு உனக்குப் போன் பண்ணேன். பகல்ல. மூணு நாள் பண்ணேன். நீ எடுக்க மாட்டேன்னு தெரியும். நான் கேக்க நெனைச்சது உன் குரலை இல்ல. ஸ்விட்ச் ஆஃப்னு ஒரு பொண்ணு சொல்லுவாளே, அதைத்தான். வரல. மூணு நாளும் முழுசா அடிச்சு அடிச்சு ஓஞ்சுது. பகல்ல பாதி நேரம் ஆஃப்ல கிடக்கும்னு நீதானே எழுதினே? பூட்டு போட்டாத்தானே போனை ஆஃப் பண்ணுவே?

உடனே பதில் போடு. வாக்கியம் ஒண்ணும் வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

நீ அகராதி ஆபீஸ்ல இருக்க வேண்டியவளே இல்ல. போலீஸ்ல இருக்க வேண்டியவ.

ஆமா. அதே பூட்டுதான். இப்ப என்ன?

கேட்டுக்கோ. உன் கடிதத்துக்கு அப்புறம் நான் பூட்டைக் கையில எடுத்தாலே போதும், “டேய், அக்கா பூட்டு வந்திடுச்சு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடா”ங்கறானுங்க. ஒருத்தன் அதுக்குக் கும்பிடு போடறான். ஒருத்தன், “அக்காகிட்ட கையெழுத்து வாங்கிட்டியா?”ங்கறான். எத்தனை நாளைக்குச் சிரிச்சிட்டே தாங்கறது? நானும் மனுஷன்தானே. அந்த நேரம் பார்த்து சீக்கிரம் சார் வந்து, ஆளுக்கொரு பூட்டு வேண்டாம், ஒருத்தனுக்காக ஒருத்தன் காத்திருக்க வேண்டியிருக்குன்னு, சுவிட்ச் எல்லாம் இருக்கிற பேனல் ரூமுக்கு ஒரே ஒரு பொதுப் பூட்டு வாங்கிப் போட்டுட்டார். சாவி கன்ட்ரோல் ரூம்ல ஆணியில தொங்கும். வேலை முடிஞ்சவன் போன்ல சொன்னா போதும், அவங்களே திறந்துப்பாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. உண்மையைச் சொல்றேன். பூட்டை வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்.

மத்தவங்க சில பேர் இன்னும் தன் பூட்டையும் சேர்த்துப் போடறாங்க. அவங்களை யாரும் கிண்டல் பண்றதில்ல. ஏன்னா அவங்களுக்கு அக்கா இல்ல.

நீ மட்டும் எழுதாம இருந்திருந்தா அது இன்னும் என் இடுப்புலதான் இருந்திருக்கும். அதையும் உன் அட்டையில எழுதிக்கோ.

திரும்பவும் மேனேஜருக்கு எழுதிடாதே. சத்தியம் பண்ணியிருக்கே.

தம்பி


மார்ச் 3

தம்பி,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு ஆபீஸ் பாத்ரூம்ல போய் அழுதேன். வெளியே வந்தா பக்கத்து மேஜைக்காரி, “வெங்காயம் நறுக்கினீங்களா?”ங்கறா. பாத்ரூம்ல யாராவது வெங்காயம் நறுக்குவாங்களா? கேள்வியைப் பாரு.

நீ சொன்னது சரிதான். உன்னைக் காப்பாத்தணும்னு எழுதினேன். அந்தக் கடிதமே உன் பூட்டைக் கழட்டி வெச்சிடுச்சு. இதை நான் எங்க போய்ச் சொல்லி அழறது?

ஆனா கொஞ்சம் யோசிடா. அந்தச் சாவி ஆணியில தொங்குதுன்னா, அது யார் கையிலயும் இருக்குன்னுதானே அர்த்தம்? ஒருத்தன் போன்ல முடிஞ்சுதுன்னு சொல்லுவான். இன்னொருத்தன் இன்னும் முடிக்கலைன்னா? வாயால சொல்ற ஆஃப் வெறும் காத்துன்னு நீதானே எனக்கு எழுதினே. என் மேல இருக்கிற கோபத்துக்கு நீ அந்தக் காத்தை நம்பிட்டு மச்சினனை உள்ள இறக்கறியே. கோபம் என் மேலன்னா என்னைத் திட்டு. நேர்ல வந்து நாலு அறை கொடு. வாங்கிக்கறேன்.

மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதி வெச்சிருக்கேன். ஒளிக்கல, உன்கிட்டயே சொல்றேன். கவர்ல போட்டு ஸ்டாம்ப்பும் ஒட்டிட்டேன். தினமும் சாயங்காலம் தபால் பெட்டி வரைக்கும் போறேன், பெட்டி வாயில கையை வெக்கறேன், திரும்பி வந்துடறேன். போட்டா தம்பி இல்ல. போடலைன்னாலும் தம்பி இருப்பான்னு என்ன நிச்சயம்? பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கு.

பாப்பா சைக்கிளுக்கு வேற பூட்டு வாங்கு. பணம் நான் அனுப்பறேன்.

அக்கா


மார்ச் 14

தம்பி,

பதில் இல்ல. உன் பொண்டாட்டிக்குப் போன் பண்ணேன். “நல்லாத்தான் இருக்கார், குளிக்கிறார்”ன்னா. குளிக்கட்டும். குளிக்கிற அளவுக்கு உசுரோட இருக்கிறதே போதும்.

நான் செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு ஆஃப் எடுத்தேன். எதுக்குன்னு கேக்காதே.

அந்தக் கவர் இன்னும் என் பையிலதான் இருக்கு. ஸ்டாம்ப் முனை சுருண்டு போச்சு.

அக்கா


மார்ச் 20

அக்கா,

எதுக்குன்னு நான் கேக்கப் போறதில்ல. எனக்குத் தெரியும்.

போன வாரம் ஷிஃப்ட் முடிஞ்சு வெளியே வரேன், வாட்ச்மேன் கூப்பிட்டார். “அக்கா தம்பி, இங்க வா. செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா வந்து கேட்டுக்கு எதிர்ல நின்னுச்சு. கையில குடை, தோள்ல துணிப்பை. வெயில்ல ரொம்ப நேரம் நிக்குதேன்னு நான் போய் என்னம்மா வேணும்னு கேட்டேன். ‘சொல் சேகரிக்க வந்திருக்கேன்’னுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. மேனேஜரைப் பாக்கணுமான்னேன். வேண்டாம் வேண்டாம்னு பதறிடுச்சு. நீங்க எல்லாரும் வெளியே வந்தப்ப ஒவ்வொருத்தன் இடுப்பா உத்து உத்துப் பார்த்துச்சு. நீ போனதும் கண்ணைத் துடைச்சிட்டு பஸ் ஏறிடுச்சு. உனக்குத் தெரிஞ்சவங்களா?”

தெரியாதுன்னு சொல்லிட்டேன்.

ராத்திரி முழுக்க பஸ்ல உட்கார்ந்து வந்திருக்கே. என் வீடு பத்து நிமிஷ தூரம். வரல. மேனேஜர் ரூம் கேட்டுக்குள்ள இருக்கு. போகல. ஒரு வார்த்தை பேசாம திரும்பிப் போயிட்டே. நீ வந்து கத்தி ஊரைக் கூட்டியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பேசாம போனியே, அதைத்தான் என்னால தாங்க முடியல. வாயை மூடிட்டு நின்னதே இல்லையே நீ, ஜென்மத்துல.

பாப்பாகிட்ட பூட்டைக் கேட்டேன். தர மாட்டேன்னு ஒரே அழுகை. வேற வாங்கித் தரேன், உன் இஷ்டத்துக்கு நீயே பொறுக்கிக்கோன்னு சொல்லி வாங்கியிருக்கேன். நாளையிலேர்ந்து என் பூட்டு சுவிட்ச்ல இருக்கும். பொதுப் பூட்டு தொங்கினா தொங்கட்டும், பக்கத்துலயே என்னுதும் தொங்கும். கும்பிடறவன் கும்பிடட்டும்.

அடுத்த தடவை வந்தா வீட்டுக்கு வா. குடையோட வெயில்ல நிக்காதே.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

மூணு தடவை படிச்சேன். அந்த வாட்ச்மேன் துப்பறியும் வேலைக்குப் போயிருக்கலாம்.

நீ இளைச்சிருக்கே. சட்டை தொளதொளன்னு தொங்குது. முன்னாடி முடியும் கொட்டிப் போச்சு. அதைத்தான் பார்த்தேன், இடுப்பை மட்டும் பாக்கல.

கவரைக் கிழிச்சுப் போடலாம்னு எடுத்தேன். மனசு வரல. நீ சொன்னா நம்பறேன், ஆனா இந்தப் பாழாப்போன பயம் நம்ப மாட்டேங்குது. இன்னும் கொஞ்ச நாள் பையிலேயே கிடக்கட்டும்.

கும்பிடறானுங்களா இன்னும்?

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

உட்கார்ந்து படி. எல்லாரும் நல்லா இருக்கோம். அதை முதல்லயே சொல்லிடறேன், நீ பாதியில மயக்கம் போட்டு விழுந்துடுவே.

சனிக்கிழமை தொட்டி பிளேடுல கம்பி சுத்திடுச்சு. நான் சுவிட்சை இறக்கி என் பூட்டைப் போட்டேன். சாவி பாக்கெட்ல. போன் ஆஃப். சீக்கிரம் சாரோட பொதுப் பூட்டும் தொங்குது. மச்சினனும் இன்னொரு பிட்டரும் உள்ள இறங்கினாங்க. வேலை இழுத்துட்டே போச்சு. எனக்கு ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சு.

ஷிஃப்ட் மாறும்போது என் பூட்டை எடுத்துட்டு, அடுத்து வர்ற எலக்ட்ரீஷியன் பூட்டை மாட்ட வெக்கணும். அதுதான் முறை. ஆனா அன்னைக்கு பாப்பாவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருந்தேன், சைக்கிள் பூட்டு வாங்க. அவ கேட்கிட்டயே வந்து பெல் அடிச்சிட்டு நின்னா. அந்த பெல் சத்தத்துல எல்லாமே போச்சு. நேரா அவளோட கடைக்குப் போயிட்டேன். சாவி பாக்கெட்ல. போன் ஆஃப். மறதிக்காரன்னு நீ எழுதினது பொய்யா?

இங்க மில்லுல என்ன நடந்துச்சுன்னா, உள்ள இருந்த இன்னொரு பிட்டர் ஏறி வந்து கன்ட்ரோல் ரூமுக்குப் போன் பண்ணிட்டான், முடிஞ்சுதுன்னு. தன் பங்கு வேலை முடிஞ்சுதுன்னுதான் சொல்லியிருக்கான். அவங்க மொத்தமும் முடிஞ்சுதுன்னு எடுத்துக்கிட்டாங்க. ஆணியிலேர்ந்து சாவியை எடுத்துட்டு வந்து பொதுப் பூட்டைத் திறந்துட்டாங்க. மோட்டாரைப் போடலாம்னா என் பூட்டு தொங்குது. போட்டோவுல நான் முறைச்சிட்டிருக்கேன்.

சீக்கிரம் சார் ஆடிட்டார். எனக்குப் போன், ஸ்விட்ச் ஆஃப். வீட்டுக்கு ஆள் அனுப்பினா, வீட்ல நான் இல்ல. எங்கன்னு யாருக்கும் தெரியல. “அக்கா தம்பி சாவியோட ஓடிட்டான்யா”ன்னு எல்லாரும் சிரிப்பு. அப்புறம் அவர், வெட்டுங்கய்யா பூட்டைன்னு பெரிய கட்டர் கொண்டு வரச் சொல்லிட்டார். கொண்டாந்து பூட்டு வளையத்துல வாயையும் வெச்சுட்டாங்க.

அப்ப பேனல் ரூம் வாசல்ல என் மச்சினன் வந்து நிக்கறான். தலையிலேர்ந்து கால் வரைக்கும் கூழ். “என் டார்ச் அணைஞ்சு போச்சு, வேற டார்ச் இருக்கா?”ன்னு கேக்கறான்.

சீக்கிரம் சார், “நீ... நீ எங்க இருந்தே?”ன்னு கேட்டாராம். “உள்ளதான் சார். இன்னும் ஒரு சுத்து கம்பி இருக்கு”ன்னானாம். கட்டரைப் பிடிச்சிட்டு நின்னவன் அப்படியே தரையில உட்கார்ந்துட்டானாம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பாப்பாவுக்குச் சில்லறை கொடுக்க பாக்கெட்ல கையை விட்டா சாவி வருது. செருப்பு கூடப் போடாம ஓடினேன். மில் கேட்ல மச்சினன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு வந்து கட்டிப் பிடிச்சுட்டான். என் சட்டையெல்லாம் கூழ். அந்தக் கட்டர் வெச்ச தடம் பூட்டு வளையத்துல இருக்கு, அக்கா. நகத்தால தொட்டுப் பார்த்தேன்.

சாவியோட வெளியே போனதுக்காக எனக்கு ஒரு வாரம் சம்பளம் இல்லாம சஸ்பென்ஷன். நியாயம்தான். மேனேஜர் கூப்பிட்டு, “உங்க அக்கா எழுதினது சரிதான்ப்பா, நீ மறதிக்காரன்தான்”னார். அப்புறம், “அவங்க கடிதத்தை நான் அன்னைக்குப் படிச்சுக் காட்டியிருக்கக் கூடாது”ன்னார். சீக்கிரம் சார் அந்த ஆணியைத் தன் கையாலயே பிடுங்கிட்டார். இனிமே பிட்டருங்களுக்கும் ஆளுக்கொரு பூட்டாம். மச்சினனை போட்டோ எடுத்தாங்க. அவனும் பிக்பாக்கெட் மாதிரிதான் இருக்கான்.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போறேன். இனிமே நீ போன் பண்ணா எடுக்கறேன். இத்தனை பெரிய கடிதம் எழுதி விரல் வலிக்குது.

தம்பி

பின்குறிப்பு: பாப்பா ஊதாக் கலர்ல பூட்டு வாங்கியிருக்கா. அதுல ஒட்ட உன் போட்டோ கேக்கறா. அப்பா போட்டோவை விட அத்தை போட்டோவுக்குத்தான் திருடன் அதிகமா பயப்படுவானாம்.


ஏப்ரல் 18

தம்பிக்கு,

போட்டோ இதோட வெச்சிருக்கேன். முறைச்சிட்டே எடுத்துக்கிட்டேன். பாப்பாகிட்ட கொடு.

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படிச்சேன். உன் மச்சினன் கையை நான் தொட்டுப் பார்த்தேன்னு அவன்கிட்ட சொல்லு. இங்கேர்ந்தே தொட்டேன்.

மேனேஜருக்கு எழுதின கவரைக் கிழிச்சாச்சு. ஸ்டாம்ப்பை மட்டும் வெட்டி எடுத்து, இந்தக் கடிதத்துல ஒட்டியிருக்கேன். காசை வீணாக்கலாமா?

‘ஆஃப்’ வேலை ஒரு வழியா முடிஞ்சுது. பாதிங்கற ஆஃபைத் தனித் தலைப்பாப் போடச் சொல்லிட்டார் நாலு பேனாக்காரர். பக்கத்து மேஜைக்காரியோட அட்டையையும் வாங்கிச் சேர்த்துட்டேன், அப்படியும் சொல்றாங்கதானே, மறைக்க நான் யாரு. ஆனா எல்லாத்துக்கும் முதல்ல உன் பூட்டு வாக்கியத்தை வெச்சிருக்கேன்.

திங்கட்கிழமை நீ வேலைக்குப் போயிருப்பேன்னு நெனைச்சு மத்தியானம் போன் பண்ணேன். எடுக்கறேன்னு சொன்னியே, அந்த ஆசையில. “நீங்கள் அழைக்கும் எண் ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது”ன்னு அந்தப் பொண்ணு சொன்னா. இன்னொரு தடவை போட்டேன். அதையே சொன்னா.

பக்கத்து மேஜைக்காரி என் முகத்தையே பார்த்துட்டு, “என்னாச்சு, தம்பி எடுக்கலையா?”ன்னா.

“பூட்டு போட்டிருக்கான்”னேன்.

அவளுக்கு ஒண்ணும் புரியல. நான் டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சு, நிதானமா சாப்பிட்டேன்.

அக்கா